ஓட்டை இல்லாத படங்கு

எனக்கு வாய் அதிகம். சின்னக்கானல் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் மிட்வைஃபாக இருந்தபோது அங்கிருந்த எல்லோரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் மறைக்க ஒன்றுமில்லை. மாசமான பெண்கள் டிஸ்பென்சரி வாசலில் நின்று நீ போ, நீ போ என்று ஒருத்தியை ஒருத்தி முன்னே தள்ளுவார்கள். வந்தால் திட்டு, வராவிட்டால் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே போய்த் திட்டு. ஆனாலும் வலி எடுத்துவிட்டால் என்னைத்தான் தேடுவார்கள். கை நல்ல கை, வாய்தான் இப்படி என்று ஒரு கங்காணி என் முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

நான் மழை குறைந்த வடகரப்பதிக்காரி. எங்கள் பக்கம் கடலைச் செடி வாடி நிற்கும்போது வானத்தைப் பார்ப்பதும் ஒரு வேலை. இங்கே ஆனியில் பிடிக்கிற மழை ஆவணி வரை விடாது. வந்த புதிதில் துணி காயவில்லை என்று அழுதிருக்கிறேன். அப்புறம் பழகிவிட்டது. ஈரத் துணியின் வாடை, ஈர விறகின் புகை, நனைந்த கம்பளியின் நாற்றம் எல்லாம் மூக்குக்கு உறைக்காமலே போய்விட்டன. அது நல்லதில்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

டிஸ்பென்சரியில் இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி. கம்பவுண்டர் ஒருவர், நான் ஒருத்தி. டாக்டர் ஒன்பது மைல் தள்ளி பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் ஜீப்பில் வந்து போவார். அவர் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மலையாளி, கண்டிப்பானவர். வந்ததும் எனக்கு இரண்டு விஷயம் சொல்லிக்கொடுத்தார். பிறந்த குழந்தை எதுவானாலும் கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணு, அறுபதைத் தாண்டினால் ஆபத்து என்பது ஒன்று. பச்சைப்பிள்ளைக்கு என்னைக் கேட்காமல் பென்சிலின் ஊசி போடாதே என்பது மற்றொன்று. அதற்கு இரண்டே விலக்குத்தான் கொடுத்தார். தாய்க்குக் காய்ச்சல் அடித்தால் போடலாம். பன்னீர்க்குடம் உடைந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தால் போடலாம். அப்படி நாள் கடந்துவிட்டால் கிருமி உள்ளே ஏறி, குழந்தை வயிற்றுக்குள்ளேயே நுரையீரலில் சீக்கை வாங்கிக்கொண்டு பிறக்கும் என்றார். நான் தலையை ஆட்டினேன். அதுவரை நான் அப்படிக் கேள்விப்பட்டதில்லை.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். மூன்று நாளாக விடாத மழை. ரோட்டில் மண் சரிந்து ஜீப் வரவில்லை, டெலிபோன் கம்பி அறுந்து கிடந்தது, கம்பவுண்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். அந்தப் புதன்கிழமை விடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில் கொழுந்து எடுக்கிற பெண் ஒருத்தியைப் புருஷன் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். என் கணக்குப்படி அவளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வரை மலையில் வேலை செய்திருக்கிறாள்.

இது அவளுக்கு இரண்டாவது. முதல் பிள்ளையும் இதே கட்டிலில் என் கையில்தான் பிறந்தான், இரண்டு வருஷத்துக்கு முன்னால். மறுநாள் காலையில் போய்விட்டான். பிரசவப் புத்தகத்தில் காரணம் எழுதும் இடத்தில் நான் "குளிர்" என்று எழுதினேன். மலையில் மழைக் காலத்தில் போகிற பச்சைப்பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் எழுதுவோம்.

எட்டு மணிக்குள் பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை. தண்ணீர் மிகக் கொஞ்சம்தான் வந்தது. சேலையில் ஒரு வாடை இருந்தது, நனைந்த கம்பளி என்று நினைத்துக்கொண்டேன். குழந்தை ஒரு தடவை வீரிட்டது, அதோடு சரி. துடைத்துச் சுற்றித் தாயின் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் முனகல் ஆரம்பித்தது. ஒவ்வொரு மூச்சு விடும்போதும் "ங்... ங்..." என்று ஒரு சின்னச் சத்தம். பாரம் தூக்குகிறவர்கள் விடுவார்களே, அது மாதிரி.

தாய் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நர்ஸம்மா, மூத்தவனும் இப்பிடித்தான் மொனங்கினான்."

"குளிருக்கு எல்லாப் புள்ளையும் அப்படித்தான் பண்ணும் அம்மிணி" என்றேன். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. ஆனால் அவள் கையை விடவில்லை. அவன் முனகினது எனக்கும் ஞாபகம் இருந்தது. கரியடுப்பைப் பக்கத்தில் இழுத்து வைத்துவிட்டு நான் வேறு வேலை பார்க்கப் போனதும் ஞாபகம் இருந்தது.

இந்தத் தடவை துணியை விலக்கிக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். எண்பத்தாறு. மறுபடி எண்ணினேன், எண்பத்து நாலு. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. விலா எலும்புக்குக் கீழே வயிறு குழிந்து குழிந்து போனது. கால் ஜில்லென்று இருந்தது. மார்பில் வைத்தால் வாயைத் திறக்கிறது, சப்பத் தெம்பில்லை.

டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதி அவள் புருஷன் கையில் கொடுத்தேன். மண் சரிவைத் தாண்டி நடந்தே போய்விட்டு வா என்றேன். அவன் ஒன்றும் கேட்காமல் கம்பளியைப் போட்டுக்கொண்டு ஓடினான். பிறகு அவளிடம் வந்தேன். காய்ச்சல் இல்லை. மிச்சம் ஒரே கேள்விதான்.

"தண்ணி எப்போ ஒடஞ்சுது?"

"ஒடையலையே நர்ஸம்மா."

"ஒடையாம எப்படிப் புள்ள பொறக்கும்? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு. நேத்தா, முந்தாநேத்தா?"

"இல்ல. இங்கன வந்து, நீங்க பாக்கத்தான் கொஞ்சமா வந்திச்சு. அதுக்கு முந்தி ஒண்ணும் இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. காரணம் இருந்தது. குடம் உடைந்தது தெரிந்தால் நான் கட்டிலில் படுக்க வைத்துவிடுவேன், எழுந்து போக விடமாட்டேன். வீட்டில் பொங்கிப் போட ஆளில்லாதவர்கள் அதற்குப் பயந்து கடைசி வரை மறைப்பார்கள். அப்படி மறைத்த நாலைந்து பேரை நான் பார்த்திருக்கிறேன். இவளும் அதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"என்ரகிட்டப் பொய் சொல்லாதே. நீ சொல்ற பதிலை வெச்சுத்தான் இந்த உசுரு கெடக்குது. ஒரு நாளைக்கு மேல ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே ஊசி போடறேன்."

அவள் என்னையே பார்த்தாள். அப்படிச் சொல்லிவிட்டால் போதும் என்று அவளுக்கும் புரிந்திருக்கும். சொல்லியிருக்கலாம். ஆனால் நடக்காததைச் சொல்லி, அந்த ஊசியே பிள்ளைக்கு ஆகாமல் போனால்? அவளுக்கு அந்தப் பயம்.

"தண்ணி ஒடஞ்சா கொட்டும்னு எல்லாரும் சொல்லுதாக. எனக்கு ரெண்டு பிள்ளைக்கும் அப்பிடிக் கொட்டல. இல்லாததை நான் எப்பிடிச் சொல்ல?"

நான் எழுந்துவிட்டேன். நல்லா இரு என்று முணுமுணுத்துக்கொண்டே போய்க் கரியடுப்பை மூட்டினேன். அன்றைக்கு என் மேலேயே எனக்கு இருந்த சந்தேகத்தை எல்லாம் அவள் மேல் கோபமாகக் காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் அது தெரிகிறது. தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கில் எடுத்து ஒரு துளி, இரண்டு துளி விட்டோம். பாதி வெளியே வழிந்தது. ஒன்பது மணிக்கு எண்ணினேன், பத்துக்கு எண்ணினேன், பதினொன்றுக்கு எண்ணினேன். தொண்ணூறைத் தொட்டுவிட்டது. அலமாரியின் சாவி என் இடுப்பில் இருந்தது. இரண்டு தடவை அலமாரியைத் திறந்து மூடினேன். அதற்கு முன்னால் இன்னொரு எஸ்டேட்டில் யாரையும் கேட்காமல் போட்ட ஊசி ஒரு குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாமல் போன கதையை டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கும் பயம்தான். வாய் நீளமாக இருந்தால் தைரியமும் நீளமாக இருக்கும் என்று யார் சொன்னது?

சாப்பாட்டு நேரத்துக்கு மலையிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். அவளோடு பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிற ஒருத்தி, நாற்பது வயதுக்காரி, தலையும் தோளும் நனைந்து ஊறியபடி உள்ளே வந்தாள். பிள்ளையை எட்டிப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"பொம்பளைப் பிள்ளையா? நல்லா இருக்கட்டும். எளா, என் படங்கை எங்கன வச்சிருக்க? நேத்தும் இன்னைக்கும் உன் பழசைத்தான் கட்டிக்கிட்டுப் போனேன். எனக்குப் பாவாடை நனையலயே."

படங்கு என்பது மழைக்கு இடுப்பில் கட்டுகிற தார்ப்பாய்த் துண்டு. இடுப்பளவுத் தேயிலைச் செடிக்குள் நுழைந்து போகும்போது இலையில் நிற்கிற தண்ணீர் எல்லாம் அதன் மேல்தான் வழியும். தேய்ந்து ஓட்டை விழுந்த படங்கு என்றால் உள்ளே பாவாடை வரை ஈரம் இறங்கிவிடும்.

"எதுக்கு மாத்திக் கட்டுனீங்க?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"திங்கக்கிழமை காலையிலேயே இவ அனத்த ஆரம்பிச்சிட்டா. படங்கு ஒழுகுது மயினி, தொடை எல்லாம் நனையுதுன்னா. பாவாடையைப் பிழிஞ்சு பிழிஞ்சு விட்டா. செவ்வாக்கிழமை நான் என் புதுசைக் குடுத்தேன். அதைக் கட்டியும் நனையுதுங்கா. எனக்குக் கோவம். புதுப் படங்குல எங்கன ஓட்டைன்னு திட்டினேன்."

தாய் படுத்தபடியே சொன்னாள். "ஆமா மயினி, அதுவும் ஒழுகத்தான் செஞ்சிச்சு."

அவளுடைய ஈரத் துணிகளை நான் மூலையில் சுருட்டிப் போட்டிருந்தேன். அதற்குள்ளிருந்து படங்கை உருவினேன். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. நாலு முனையையும் அந்த நாற்பது வயதுக்காரியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நடுவில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன். அடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கை காய்ந்தே இருந்தது.

பழைய படங்கும் ஒழுகவில்லை, புதுப் படங்கும் ஒழுகவில்லை. திங்கட்கிழமை காலையிலிருந்து இரண்டு நாள் முழுக்க அவள் பாவாடையை நனைத்தது மழை இல்லை. குடம் மேலே எங்கோ கீறி, சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. மழையில் நின்றவளுக்கு அது எப்படித் தெரியும்? எங்கள் கடலைக் காட்டில் நிற்கிற பெண்ணாக இருந்தால் முதல் அரை மணியிலேயே தெரிந்திருக்கும். சுருட்டிய துணியை எடுத்து இந்தத் தடவை முகர்ந்து பார்த்தேன். கம்பளி நாற்றம் இல்லை அது. கெட்டுப்போன தண்ணீரின் வாடை. காலையிலிருந்து அதை என் மூக்குக்கு எதிரிலேயே போட்டு வைத்திருந்தேன்.

ஊசிக்குழாய் காலையிலேயே கொதிக்க வைத்துத் தயாராக இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த அளவைப் பார்த்து மருந்தைக் கலக்கித் தொடையில் போட்டேன். குழந்தை அழக்கூட இல்லை, முனகலைக் கொஞ்சம் உரக்க முனகியது. அப்போது மணி ஒன்று. பிறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. போட்டு முடித்துவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினேன்.

"நீ பொய் சொல்லலீன்னு தெரிஞ்சுபோச்சு அம்மிணி."

அதற்கு மேல் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. அவள் அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. "பொழைச்சுக்கிடுமா?" என்று கேட்டாள். "பார்க்கலாம்" என்றேன்.

மறுநாள் மத்தியானம் அவள் புருஷனோடு டாக்டர் வந்தார். சரிவு வரை ஜீப்பில் வந்து, முழங்கால் சேற்றில் நடந்து, கால்சட்டையெல்லாம் மண்ணோடு உள்ளே நுழைந்தார். குழந்தையின் முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். நிமோனியா, பிறக்கும்போதே உள்ளது என்றார். பையிலிருந்து வேறொரு ஊசியும் எடுத்துப் போட்டார். பன்னீர்க்குடம் உடைந்தது எப்போது என்று என்னிடம் கேட்டார். திங்கட்கிழமை காலை என்றேன். ஊசி போட்டது எப்போது என்றார். புதன்கிழமை ஒரு மணி என்றேன்.

"எட்டு மணிக்குப் பிறந்த குட்டிக்கு ஒரு மணிக்கா?"

நடந்ததை நடந்தபடி சொன்னேன். படங்கில் தண்ணீர் ஊற்றியதையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "நேத்து சாயங்காலம் வரைக்கும் தாமசிச்சிருந்தா நான் வந்தும் பிரயோஜனம் இல்லை" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது பாராட்டா கண்டிப்பா என்று இன்றைக்கும் தெரியாது.

அந்த வாரத்திலிருந்தே நான் ஒரு வேலையை ஆரம்பித்தேன். மழை மாதங்களில், ஏழு மாதம் தாண்டியவள் யாராக இருந்தாலும் வேலை விட்டதும் நேரே டிஸ்பென்சரிக்கு வர வேண்டும். ஈரத்தைக் கழற்றிவிட்டு, அடுப்பில் காயவைத்த துணி ஒன்றை நான் கொடுப்பேன். அதைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அடுப்புப் பக்கம் உட்கார வேண்டும். துணி காய்ந்தே இருந்தால் வீட்டுக்குப் போகலாம். சோறு வடிக்க நேரமாச்சு என்று முனகுவார்கள், நானும் பதிலுக்குக் கத்துவேன். ஆனால் வந்தார்கள். ஒரு டம்ளர் பால் விடாத கட்டன் சாயா கொடுப்பேன் என்பதும் ஒரு காரணம்.

குழந்தை வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அப்படியே இருந்தது. பாலாடைப் பால்தான். சனிக்கிழமை மூச்சு எழுபதுக்கு இறங்கியது. ஞாயிறு மத்தியானம் நான் பக்கத்து அறையில் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிட்டாள். குரல் மிகத் தணிந்து இருந்தது.

"நர்ஸம்மா. சத்தம் நின்னுட்டு."

போனேன். அவள் குழந்தையைத் தொடாமல், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மூத்தவனுக்கும் மறுநாள் காலையில் முனகல் நின்றதும், தூங்கிவிட்டான் என்று சந்தோஷப்பட்டுப் பக்கத்திலேயே படுத்திருந்தாளாம். அதை அவள் எனக்குச் சொன்னது அப்போதுதான். நான் துணியை விலக்கினேன். மார்பு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வயிறு குழியவில்லை. எண்ணினேன். நாற்பத்தெட்டு. நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினேன், அதே நாற்பத்தெட்டு. குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கடிகாரத்தின் முள் தெரியவில்லை.

"தொட்டுப் பாரு" என்று அவள் கையை எடுத்துப் பிள்ளையின் காலில் வைத்தேன். கால் சூடாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது தானாக விழித்துத் தலையைத் திருப்பி மார்பைத் தேடியது. முதல் தடவையாகப் பிடித்துச் சப்பியது. நானும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே மழை பெய்துகொண்டேதான் இருந்தது.

பிறகு அவள் பிள்ளையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மூத்தவனும் ஆடி மழையிலதான் பொறந்தான். அப்பமும் எனக்கு ரெண்டு மூணு நாளு நனைஞ்சுக்கிட்டேதான் இருந்திச்சு. அவனுக்கும் இதுதானா நர்ஸம்மா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் அவனைப் பார்த்ததில்லை, நான் அவன் மூச்சை எண்ணியதில்லை. தெரியாது என்பது பொய்யாகவும் இருக்காது. ஆனால் அவள் எனக்கு உண்மையைத்தான் சொல்லியிருந்தாள், அதற்காக என்னிடம் திட்டும் வாங்கியிருந்தாள்.

"இதாத்தான் இருந்திருக்கோணும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தாள்.

"அந்த ஊசி அப்பமும் இங்கன இருந்திச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.

அவள் பிள்ளையை மெதுவாகத் தூக்கி மறுபக்க மார்புக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.